இரண்டு தட்டு

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி,
ஜெர்லினின் நடன வகுப்பு.
கீழே வெள்ளிக் கம்பி இழுக்கிற மிஷின் ஓடினால்
தரை லேசாக அதிரும்.
அதுவும் ஒரு தாளம்தான் என்பாள்.
அவளுக்கு இருபத்து மூன்று வயது.
என் வீட்டுக்காரருக்கு நாற்பத்தெட்டு,
அதில் இருபத்திரண்டு வருஷம் ஏற்காடு மலைப்பாதை பஸ்.

ஜூனில் தங்கை அனஸ்தாசியாவுக்குக் கல்யாணம்.
மாப்பிள்ளை வீடு பெங்களூர், வரவேற்பு ஏற்காட்டில்.
கேக் வெட்டியதும் வீட்டு ஜோடிகள் எல்லோரும் ஆட வேண்டுமாம்.
"நான் பந்தியைப் பார்த்துக்கிறேன்" என்றார் சவரிமுத்து.
பந்தி கிடையாது, பஃபே என்றேன்.

முதல் நாள் வெறும் நிற்பது.
நேருக்கு நேர் அல்ல, அரை ஆள் தள்ளி,
என் வலது பாதம் அவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவே குறிபார்த்து.
அவர் வலது கை என் இடது தோள்பட்டை எலும்பின் கீழ்.
என் இடது கை அவர் புஜத்தில், தொங்காமல்.
மற்ற கைகள் இரண்டும் கண்ணுயரத்தில் கோத்து.
"இதுதான் மூடிய நிலை.
தட்டுவடை செட் சாப்பிட்டிருக்கீங்கல்ல?
அமுக்கினா உடையும்,
விட்டா நடுவுல இருக்கற பீட்ரூட் எல்லாம் கொட்டிடும்."
பத்தொன்பது வருஷத்தில், விளக்கு எரிய,
இத்தனை நேரம் இப்படி நின்றதில்லை.
டீசலும் சந்தன சோப்பும்.

பாட்டு போட்டதும் இழுத்தார்.
ஸ்டியரிங்கை ஒடிப்பது மாதிரி என் கையை ஒடித்தார்.
ஜெர்லின் பாட்டை நிறுத்தினாள்.
"கையால சொல்லாதீங்க அண்ணா.
முதல்ல உங்க எடை நகரணும்.
நெஞ்சு கிளம்பினா அக்காவுக்குத் தெரிஞ்சிடும்."
எப்படிம்மா தெரியும் என்றார்.
தெரிந்தது.
கால் எடுக்குமுன் அவர் மூச்சு ஒரு துளி நிற்கிறது.
இத்தனை நாள் இதைக் கவனிக்காமல் எங்கே இருந்தேன்
என்று யோசித்ததில் அடுத்த எட்டைத் தவறவிட்டேன்.

பின்தொடர்வது என்றால் கீழ்ப்படிவது என்று நினைத்திருந்தேன்,
அதில் எனக்கு நல்ல பழக்கம்.
அப்படி இல்லையாம்.
அவர் கேட்கிற நொடிக்கும் நான் வைக்கிற நொடிக்கும் நடுவே
கால் என்னுடையது.
முந்தக் கூடாது. நான் முந்துவேன்,
பால் பொங்குமுன்பே அடுப்பை அணைக்கிற ஆள்.
"அக்கா, அவர் இன்னும் கேட்கவேயில்ல,
நீங்க பதில் சொல்றீங்க."
மற்ற மூன்று ஜோடியும் சிரித்தது.

மூன்றாம் வாரம் இடம் மாற்றினாள்.
நான் நடத்த, அவர் பின்னால் நடக்க.
மாட்டேன் என்று சொல்லவில்லை சவரிமுத்து,
நகரவில்லை, அவ்வளவுதான்.
நெற்றியில் வேர்வை.
கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுவரைப் பார்க்கிறார்,
அங்கே ஒரு தண்ணீர்க் கேன் தவிர எதுவுமில்லை.
அப்புறம் என் காதோரம், மெல்ல:
"பதினாலாவது வளைவுல எதிர்ல லோடு லாரி இறங்கிட்டா
பஸ்ஸைப் பின்னால எடுக்கணும்.
எனக்கு ஒண்ணும் தெரியாது.
மாதேஷ் இறங்கிப் போய் தகரத்துல ரெண்டு தட்டு தட்டுவான்,
வரலாம்னு அர்த்தம்.
ஒரு தட்டுன்னா நில்லு.
அவன் கையை நம்பி
அம்பது பேரோட பின்னால வருவேன்."

அவர் தோள்பட்டை எலும்பின் கீழ்
இரண்டு தட்டு தட்டினேன்.
வந்தார்.
ஒரு எட்டு, இன்னொன்று,
சட்டை முதுகு என் உள்ளங்கைக்கடியில் ஈரமாய்.
"தட்டக் கூடாது, நெஞ்சால..." என்று ஆரம்பித்த ஜெர்லின்
ஏனோ விட்டுவிட்டாள்.
தண்ணீர்க் கேனுக்கு ஒரு சாண் இருக்கையில்
ஒரே தட்டு.
நின்றார்.

இரவு அழகாபுரத்துக்கு ஸ்கூட்டரில்.
ஐந்து ரோட்டில் திரும்பும்போது
அவர் சாயுமுன் நான் சாய்ந்துவிட்டேன்.
வண்டி கொஞ்சம் அலைந்து நேரானது.
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னார்:
"நான் இன்னும் கேக்கல."